‘சரி’யாக இருந்தே தீர வேண்டும் என்ற தவிப்பு: கடினமான பெற்றோரிடம் வளர்ந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, பதினொன்றரை மணிக்கு, முக்காலியின்மேல் ஏறிப் பரணிலிருந்து ஒரு கல்யாண ஆல்பத்தை இறக்கினேன். பெரியம்மா மகளின் திருமணம் நடந்தது 2003-இலா 2004-இலா என்பதில் எனக்கும் என் கணவருக்கும் வாக்குவாதம். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த அழைப்பிதழில் தேதி தெளிவாக இருந்தது. நான் சொன்ன 2003தான் சரி. அதைக் காட்டுவதற்காகத் திரும்பியபோது அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தார். தூசி படிந்த கைகளோடு கூடத்தில் நின்ற எனக்கு வென்ற மகிழ்ச்சி சிறிதும் இல்லை. அவரை எழுப்பிக் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அடங்கவில்லை. எழுப்பினேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட இரவுகள் உங்களுக்கும் இருந்திருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்கானது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைத் திமிர் என்பார்கள், தலைக்கனம் என்பார்கள், ‘வக்கீலுக்குப் படித்திருக்கலாம்’ என்று சிரிப்பார்கள். உள்ளே இருப்பவருக்கோ மூச்சு முட்டுகிறது. தமிழில் ‘சரி’ என்ற ஒரே சொல் ‘பிழையற்றது’ என்றும் பொருள்படுகிறது, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்றும் பொருள்படுகிறது. தான் சரியாக இருந்தே தீர வேண்டியவருக்கு, மற்றவரைப் பார்த்துச் சரி என்று சொல்ல நா எழுவதில்லை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு சரிகளுக்கும் நடுவில் கிடக்கும் முடிச்சைத் தளர்த்துவதற்காக எழுதப்பட்டவை.

தவிப்பு எங்கே தொடங்குகிறது

என் அம்மா தாம் சொன்னதைச் சொல்லவே இல்லை என்பார். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகலாம் என்று திங்கட்கிழமை சொல்லிவிட்டு, பணம் கட்ட வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில், ‘யார் சொன்னது? நான் எப்போது சரி என்றேன்?’ என்று கேட்பார். கோபமாகக்கூடக் கேட்க மாட்டார். உண்மையிலேயே வியப்படைந்தவர்போலக் கேட்பார். பன்னிரண்டு வயதில் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு, அம்மா சொன்னவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதத் தொடங்கினேன். ஒருநாள் அதைத் திறந்து அவருக்கே படித்துக் காட்டினேன். ‘பெற்ற தாயை வேவு பார்க்கிறாயா?’ என்றார். அந்த வாரம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒவ்வொருவரிடமும் அந்த நோட்டைப் பற்றிச் சொன்னார். ஆதாரத்தால் பயனில்லை என்று அன்றைக்கு நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். என் ஆதாரம் போதவில்லை என்றுதான் புரிந்துகொண்டேன். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அதைப் போதுமானதாக்குவதிலேயே கழிந்தன.

கடினமான பெற்றோர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். அவர்களிடம் வளர்ந்தவர்களின் தவிப்பும் ஒரே வடிவில் இருப்பதில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று மறுக்கும் பெற்றோரின் பிள்ளை, என்னைப்போல் ஆவணக் காப்பாளராக மாறிவிடும்; பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடி எடுத்து நீட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த வகை. நூற்றுக்கு 98 வாங்கி வந்த பிள்ளையிடம் மீதி 2 எங்கே என்று கேட்கும் தந்தையின் வீட்டில், ஒரு பிழை என்பது ஒரு பிழையாக நிற்காமல் ஆளையே மதிப்பிடும் அளவுகோலாகிவிடுவதால், அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் எந்தச் சிறு தவற்றையும் ஒப்புக்கொள்ள முடியாமல் திணறும். குடியாலோ முன்கோபத்தாலோ எந்த நேரத்தில் எப்படி இருப்பார் என்று தெரியாத பெற்றோரிடம் வளர்ந்தவர், செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவைக் கணிக்கப் பழகியவர்; அவருக்குக் கணிப்பு தவறுவது இன்றைக்கும் ஆபத்தாகவே தோன்றும். ‘எதிர்த்துப் பேசாதே’, ‘வாய் நீளுகிறது’ என்று ஒவ்வொரு முறையும் பாதி வாக்கியத்தில் நிறுத்தப்பட்டவரோ, இப்போது எந்த வாக்குவாதத்தையும் பாதியில் விட மாட்டார்.

இவை எல்லாவற்றின் அடியிலும் ஒன்று உண்டு. எடின்பரோவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பேர்ன் 1943-இல் அதை விளக்கினார். தன் உயிருக்கே ஆதாரமான பெற்றோர் நல்லவர் இல்லை என்று ஏற்றுக்கொண்டால், பிள்ளைக்குப் போக்கிடமே இல்லாமல் போகிறது. ஆகவே பெற்றோரின் கெடுதலைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு, ‘நான்தான் கெட்டவள், அதனால்தான் இப்படி நடக்கிறது’ என்று நம்புவது அதற்குப் பாதுகாப்பாக இருக்கிறது. அப்படி நம்பி வளர்ந்தவருக்கு, கல்யாண ஆண்டைப் பற்றிய வாக்குவாதத்தில்கூடத் தன் குணமே விசாரணையில் நிற்பதாகத் தோன்றும். தோற்றால் ஓர் ஆண்டு மட்டும் தவறாகப் போவதில்லை. ‘நான் கெட்டவள் இல்லை’ என்ற வாதமும் சேர்ந்தே தோற்றுப்போகிறது.

எங்கே இந்த வழிகாட்டியைப் பயன்படுத்தக் கூடாது

படிகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். உங்கள் துணைவரோ வேறு எவருமோ இப்போது உங்களை அடிக்கிறார், மிரட்டுகிறார், உங்கள் பணத்தையோ நகையையோ பறிக்கிறார், நடந்ததை இல்லை என்று மறுத்து உங்களுக்குப் பைத்தியப் பட்டம் கட்டுகிறார் என்றால், விட்டுக்கொடுக்கப் பழகுவது உங்கள் வேலை இல்லை. அங்கே தேதி போட்ட நோட்டு தேவை, ஒளிப்படம் தேவை, மருத்துவச் சீட்டு தேவை. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடி உதையோடு நிற்காமல் மனரீதியான, பொருளாதார ரீதியான கொடுமைகளையும் கணக்கில் கொள்கிறது. பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம். சொத்துப் பத்திரம், சம்பளக் கணக்கு, மருந்தின் அளவு ஆகியவற்றிலும் சரியாக இருப்பது அவசியமே. கீழே வருபவை பாதுகாப்பான உறவுகளில் பழைய பயத்தோடு வாதாடுகிறவர்களுக்கு மட்டும்.

முதல் படி: உடலைப் பிடிப்பது

வாதம் தொடங்கிவிட்டதை அறிவு உணர்வதற்கு முன் உடல் உணர்ந்துவிடுகிறது. எனக்குக் காது மடல் சுடும், பேச்சு வேகமாகும், ‘ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்’ என்று குறுக்கிடத் தொடங்குவேன். சிலருக்குத் தொண்டை அடைக்கும், சிலருக்குக் குரல் அபாயகரமாகத் தணிந்து நிதானமாகும். இரண்டு வாரம் கவனித்தால் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும். அது வந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வாதத்தை முடிக்காமல் எழுந்து போவது. அமெரிக்காவின் சியாட்டிலில் தம்பதியரை ஆய்வுக்கூடத்தில் அமர்த்தி, நாடித்துடிப்பு உள்ளிட்டவற்றை அளந்து ஆராய்ந்த ஜான் காட்மன், துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிய நிலையில் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்றும், உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்றும் சொல்கிறார். அந்த 20 நிமிடத்தையும் அடுத்த வாதத்தை உள்ளுக்குள் கோர்ப்பதில் செலவிட்டால் துடிப்பு இறங்காது. பாத்திரம் தேய்க்கலாம், மாடிக்குப் போய்த் துணி எடுக்கலாம்.

எழுந்து போகும்போது காரணம் சொல்லிவிட்டுப் போவது முக்கியம். ‘எனக்குப் படபடப்பாக இருக்கிறது, அரை மணி நேரத்தில் வருகிறேன்’ என்று சொல்லாமல் போனால், நம் வீடுகளில் அதற்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள் என்றுதான் பொருள். சொன்ன நேரத்தில் திரும்பி வருவதும் அதே அளவு முக்கியம்.

இரண்டாம் படி: வேறொரு நோட்டு

அதே கருவியை எதிர்த் திசையில் பயன்படுத்துவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது என்பதால், நானும் அதே அளவில் ஒரு நாற்பது பக்க நோட்டைத்தான் வாங்கினேன். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சையில், மனத்தில் தானாக எழும் எண்ணங்களை எழுதிப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. இது அதன் எளிய வடிவம். ஒவ்வொரு வாதத்துக்குப் பிறகும், அன்றைக்கே, ஐந்து வரி எழுதுங்கள்: எதைப் பற்றிய வாதம், நான் சொன்னது தவறாக இருந்திருந்தால் பணமாக, நேரமாக, உடல்நலமாக என்ன இழப்பு, தவறு என்று தெரியவரும் என்று நினைத்த கணத்தில் என்ன தோன்றியது, அப்போது யார் முகம் நினைவுக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது.

என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது. ‘குக்கரில் எத்தனை விசில் வந்தது என்பது பற்றி. இழப்பு: எதுவுமில்லை, பருப்பு வெந்துவிட்டது. தோன்றியது: என்னை முட்டாளாக்கப் பார்க்கிறார். முகம்: அம்மா. நேரம்: 50 நிமிடம்.’ மற்றவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதை இந்த நோட்டில் எழுதக் கூடாது. அதை எழுதத் தொடங்கினால் பழைய நோட்டாகிவிடும். கை தானாக அங்கே போகும், கவனமாக இருங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் நான்காவது வரியில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். எதிரில் கணவரோ மேலாளரோ நாத்தனாரோ நின்றாலும், வாதம் நடப்பது வேறொருவரின் முன்னிலையில் என்பது அப்போது எழுத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: பொருளையும் வழக்கையும் பிரித்துப் பார்ப்பது

எல்லா வாதத்திலும் ஒரு பொருள் இருக்கிறது. சில வாதங்களில் அதன் முதுகில் ஒரு வழக்கும் ஏறி அமர்ந்திருக்கிறது. மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை காலையிலா இரவிலா என்பது பொருள். இதில் யார் சரி என்பது அவசியமான கேள்வி. மருத்துவர் எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படி முடிந்த பிறகும் உங்களிடம் ஒரு வாக்கியம் மீதமிருக்கிறதா என்று பாருங்கள். ‘நான்தான் அன்றைக்கே சொன்னேனே.’ ‘என் பேச்சை யார் கேட்கிறீர்கள்?’ அந்த இரண்டாவது வாக்கியம்தான் வழக்கு. உண்மை கிடைத்த இடத்தில் நிற்க முடியாமல், உண்மையைக் கண்டுபிடித்தது தான் என்ற தீர்ப்பையும் கேட்டு வாங்க அது நிற்கிறது.

வாதாடுவதையே விட்டுவிடு என்று பலர் அறிவுரை சொல்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது நடக்காது. நடந்தாலும் அது சிறுவயதில் வாயடைக்கப்பட்டதன் மறுபதிப்பாகத்தான் இருக்கும். ஆகவே நான் பரிந்துரைப்பது சிறிய பயிற்சி: ஒரு மாதத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் திருத்துங்கள், எதை வேண்டுமானாலும் சரிபாருங்கள், ஆனால் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் விடுங்கள். ‘சீட்டில் இரவு என்று போட்டிருக்கிறது’ என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். முதல் வாரத்தில் நான் ஏழு நாளில் ஒன்பது முறை தவறினேன். வாக்கியத்தை விழுங்கிய முறைகளில் நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருந்தது. அந்தக் கனம் சில நிமிடங்களில் தானாகவே இறங்குகிறது என்பதை உடல் பலமுறை பார்த்த பிறகுதான் நம்புகிறது.

இங்கே நம் மரபு நமக்கு உதவுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று இறைவனிடமே சொன்ன நக்கீரரைப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். கதைப்படி அவர் வாதாடியது அரச சபையில், ஆயிரம் பொன் பரிசுக்கு உரிய ஒரு பாட்டின் பொருட்குற்றத்தைப் பற்றி. குக்கர் விசிலுக்கு நாம் அந்த வீரத்தைக் கடன் வாங்குகிறோம்.

இதே படியில் இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பீட்டர் வேசன் என்ற ஆங்கில உளவியலாளர் 1960-இல் வெளியிட்ட ஆய்வில், 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து அவற்றின் பின்னால் உள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு மூன்று எண்களைச் சொன்னால் அவை விதிக்குப் பொருந்துமா என்று அவர் பதில் சொல்வார். பலர் 8, 10, 12 என்பதுபோல் தங்கள் ஊகத்துக்குப் பொருந்தும் எண்களையே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்ற பதிலைப் பெற்று, இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று உறுதியோடு அறிவித்தார்கள். உண்மையான விதி ஏறுவரிசையில் உள்ள ஏதேனும் மூன்று எண்கள் என்பது மட்டுமே. 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தங்கள் ஊகம் உடைந்திருக்கும். வாரம் ஒருமுறை, நீங்கள் உறுதியாக நம்பும் ஒரு விஷயத்தில், ‘எது தெரிய வந்தால் நான் சொல்வது தவறாகும்?’ என்று கேட்டு, அதையே தேடிப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் சரியாகவே இருப்பீர்கள். எங்களைப் போன்றவர்கள் தகவலில் தவறுவது குறைவு, அதுதான் எங்கள் தொல்லையே.

நான்காம் படி: நினைவைப் பற்றிய உண்மையைத் தாங்குவது

எனக்கு மிகவும் கடினமாக இருந்த படி இது. மனித நினைவு பதிவுக் கருவி அன்று என்பதை ஆய்வுகள் நெடுநாளாகக் காட்டிவருகின்றன. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். இரண்டாவது சொல்லைக் கேட்டவர்கள் கூடுதல் வேகத்தைச் சொன்னதோடு, ஒரு வாரம் கழித்து, காட்சியில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் அதிகமானோர் சொன்னார்கள். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அச்செய்தியை எங்கே எப்படிக் கேட்டார்கள் என்று அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் ஒரு பகுதியினரிடம் மீண்டும் கேட்டபோது, பலர் முழு உறுதியோடு வேறு கதை சொன்னார்கள். அவர்களுடைய கையெழுத்திலேயே இருந்த பழைய பதிலைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

பாதுகாப்பான வீட்டில் வளர்ந்தவருக்கு இது சுவையான செய்தி. ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று கேட்டு வளர்ந்தவருக்கு இதைப் படிக்கும்போதே வயிறு புரளும். என் நினைவு தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், அம்மா சொன்னது சரியாகிவிடுமே என்ற அச்சம் எழும். ஆகவே இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லோருடைய நினைவும் சிறு விவரங்களில் வழுவும் என்பது ஒன்று. ஒருவர் மீண்டும் மீண்டும், எப்போதும் தமக்கு வசதியான பக்கத்துக்கே, ஒரு பிள்ளையின் நினைவை மறுத்துவந்தார் என்பது வேறொன்று. முதலாவது மனித இயல்பு, தவறு எல்லாத் திசையிலும் விழும். இரண்டாவதில் தவறு ஒரே திசையில்தான் விழும். சுற்றுலா நடந்தது ஆறாம் வகுப்பிலா ஏழாம் வகுப்பிலா என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கலாம். என் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை என்பதில் குழப்பம் இல்லை. விவரத்தில் தளர்ந்துகொடுத்தாலும் சாரத்தை இழந்துவிட மாட்டோம் என்ற நம்பிக்கை வரும்வரை, கணவரோடு ஆண்டுக் கணக்கில் சண்டையிடுவது ஓயாது.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம்: ‘எனக்கு நினைவிருப்பது இப்படி, உங்களுக்கு வேறு மாதிரி நினைவிருக்கிறது.’ இதற்குப் பிறகு முற்றுப்புள்ளி. ஆல்பம் பரணிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ‘சரி’ என்று சொல்லப் பழகுவது

நம் வீடுகளில் பொய்யான சரணாகதிக்கு ஏராளமான வடிவங்கள் உண்டு. ‘சரி விடு’ என்பது பேச்சுக்குக் கதவடைப்பு. ‘நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்பதை எந்த ராகத்தில் சொல்கிறோம் என்பது கேட்பவருக்குத் தெரியும். ‘ஆமாம், என் தவறுதான், ஆனால்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் ஆனாலுக்கு முன்னால் உள்ளதை யாரும் கேட்பதில்லை. பழக வேண்டியது வாலில்லாத வாக்கியம்: ‘ஆமாம், அது என் தவறு.’

இதை வீட்டில் தொடங்காதீர்கள். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1950-களில் அச்சங்களைப் போக்க, மிகக் குறைவாக அஞ்சுவதிலிருந்து மிக அதிகமாக அஞ்சுவதுவரை ஏணிபோல் வரிசைப்படுத்தி ஒவ்வொரு படியாக ஏறும் முறையை வகுத்தார். இங்கும் அப்படியே. ஆட்டோ ஓட்டுநர் தேர்ந்தெடுத்த வழி உங்கள் வழியைவிடச் சுருக்கமாக இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். காய்கறிக் கடையில் சில்லறைக் கணக்கில் நீங்கள் தவறியிருந்தால், ‘நான்தான் தப்பாகக் கூட்டிவிட்டேன்’ என்று சொல்லுங்கள். பிறகு அலுவலகம், பிறகு உடன்பிறந்தவர்கள், பிறகு துணைவர். பெற்றோர் கடைசி, அவர்கள் இல்லாமலும் இந்த ஏணி நிறைவடையலாம். ஒவ்வொரு படியிலும் எதிராளியின் முகத்தைப் பாருங்கள். நாம் எதிர்பார்த்த ஏளனம் பெரும்பாலும் அங்கே இருக்காது. காய்கறிக்காரர் ‘பரவாயில்லம்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் தக்காளி நிறுக்கத் தொடங்கியிருப்பார்.

அலுவலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் மற்றவர் பிழையைத் திருத்தத் தோன்றினால், தனியாகச் சொன்னாலும் வேலை நடக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும் என்றால் தனியாகச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: வராத ஒப்புதலுக்குக் காத்திருப்பதை நிறுத்துவது

நோட்டைப் படித்துக் காட்டிய அன்று மாலை அம்மா பூரியும் உருளைக்கிழங்கு மசாலும் செய்தார். எனக்கு மிகவும் பிடித்தது. வார நாளில் எங்கள் வீட்டில் செய்யாதது. நம் குடும்பங்களில் சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. தீர்ப்பு வருவதில்லை, தட்டு வருகிறது. பல பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருக்கிறது. ஆனால் தன் சொல் நம்பப்படவில்லை என்ற காயம் உள்ள பிள்ளைக்குத் தட்டு பதிலாகாது. அது சொல்லைக் கேட்கிறது. அன்றைக்கு அந்தப் பூரியை நான் லஞ்சம் என்று நினைத்தேன். அவருக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை என்று இன்று நினைக்கிறேன். அதனால் அவர் அந்த வாரம் உறவினரிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னது இல்லையென்று ஆகிவிடாது. இரண்டும் நடந்தன.

‘ஆமாம், நான் அப்படிச் சொன்னேன், உன்னிடம் இல்லை என்று சொன்னது தவறு’ என்ற வாக்கியத்துக்காகத்தான் நாம் வாழ்நாள் முழுவதும் மற்றவர்களிடம் வழக்காடுகிறோம் என்று நினைக்கிறேன். அது அநேகமாக வராது. அதைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மிகாமல், என்ன நடந்தது, அது உங்களை என்ன செய்தது என்று எழுதுங்கள். கேள்வி எதுவும் கேட்காதீர்கள். கேள்வி கேட்டால் மீண்டும் அவர் பதிலுக்குக் காத்திருக்கத் தொடங்குவீர்கள். அனுப்ப வேண்டாம்.

பிறகு அதை ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். யாருக்கு என்பதில் எச்சரிக்கை தேவை. கூடவே வளர்ந்த தம்பியோ அக்காவோ சிறந்த சாட்சி என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ‘அம்மா அப்படியா? எனக்கு ஒன்றும் நினைவில்லையே’ என்றான் தம்பி, உண்மையாகவே. அவன் வளர்ந்தது வேறு அம்மாவிடம். மூத்த பெண்ணிடம் இருந்த அம்மாவும் கடைக்குட்டிப் பையனிடம் இருந்த அம்மாவும் ஒருவர் இல்லை. உங்களுக்குத் தேவை அங்கே இருந்தவர் இல்லை, கேட்டுவிட்டு நம்புபவர். நம்பகமான தோழி போதும். அதுவும் கைகூடவில்லை என்றாலும், தூக்கம் கெடுகிறது, உயிரை விடத் தோன்றுகிறது, வீட்டில் தினமும் சண்டை என்ற நிலை இருந்தாலும், உளவியல் ஆலோசகரிடம் போவதே முறை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தவறில்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பெற்றோர் உயிரோடு இருந்து, குடும்ப விசேஷங்களில் பழைய கதையைத் தம் விருப்பப்படி சொல்லும்போது என்ன செய்வது? ‘இவளை அந்தச் சுற்றுலாவுக்கு நான்தான் பிடிவாதமாக அனுப்பி வைத்தேன்’ என்று என் அம்மா இப்போது சொல்கிறார். அதனால் யாருக்கும் இழப்பில்லை என்றால் சாப்பாட்டைத் தொடருங்கள். அந்தக் கதை உங்களையோ உங்கள் பிள்ளையையோ சிறுமைப்படுத்துகிறது என்றால், ‘எனக்கு நினைவிருப்பது வேறு, அம்மா’ என்று ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகலாம். சாட்சி கூப்பிட வேண்டாம். இன்னொன்று: வயதான பெற்றோர் நேற்று நடந்ததையும் காலையில் சாப்பிட்டதையும் புதிதாக மறக்கத் தொடங்கினால், அது பழைய மறுப்பின் தொடர்ச்சி என்று கோபப்படாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மறதி நோய் பொய் இல்லை. வாழ்நாள் முழுதும் மறுத்தவருக்கும் அது வரக்கூடும். அப்போது நாம் எந்த அம்மாவோடு சண்டையிடுகிறோம் என்பதே குழம்பிவிடும்.

ஏழாம் படி: பிள்ளைகள் முன்னால்

உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், மேலே சொன்ன எதையும் முழுதாகச் செய்து முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே இதை மற்றப் படிகளோடு சேர்த்தே செய்ய வேண்டும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலிருந்து தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் நொடி நொடியாகப் படமெடுத்து ஆராய்ந்தவர். இயல்பான, அன்பான இணைகளிலும் தாயும் சேயும் ஒத்திசைந்திருக்கும் நேரத்தைவிட விலகியிருக்கும் நேரமே அதிகம் என்றும், விலகிய பிறகு மீண்டும் வந்து சேர்வதில்தான் குழந்தையின் நம்பிக்கை வளர்கிறது என்றும் அவர் காட்டினார். நாம் தவறாமல் இருப்பது பிள்ளைக்குத் தேவையில்லை. தவறியதை அன்றைக்கே, ‘ஆனால்’ என்ற வால் இல்லாமல், சொல்வது தேவை.

சொன்னதை மறந்துவிட்டேனா, சொல்லவே இல்லையா என்று உண்மையிலேயே தெரியாத நேரங்களும் வரும். அங்கேதான் என் கால் அம்மாவின் தடத்தில் போய் நிற்கிறது. சென்ற மாதம், ஒரு சனிக்கிழமை மாலை, என் மகன் வந்து, ‘மைதானத்துக்குப் போகலாம் என்று புதன்கிழமை நீ சொன்னாய்’ என்றான். எனக்கு அப்படி எந்த நினைவும் இல்லை. புதன்கிழமை இரவு நான் அலுவலகத்திலிருந்து வந்ததே ஒன்பது மணிக்கு. காது மடல் சுட்டது. நேரத்தைக் கணக்குப் போட்டு அவன் சொல்வது நடந்திருக்க முடியாது என்று நிறுவும் வாக்கியம் தயாராக இருந்தது. ‘சொல்லியிருக்கலாம். எனக்கு நினைவில்லை, நீ சொல்வதை நம்புகிறேன்’ என்றேன். அவன் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு, ‘புதனோ வியாழனோ, சரியாகத் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடப் போனான்.